கேமரனா, மூணாறா, நுவரெலியாவா? மொதல்ல எத்தன நாள் லீவுன்னு சொல்லுங்க

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடையில உக்காந்து தோசை சாப்ட்டுக்கிட்டு இருக்கோம், என் அக்கா பையனும் அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காத குறைதான். மூணு பேருக்கும் பேக்க முதுகுல மாட்டிக்கிட்டு தேயிலை மலை ஒண்ணுக்குப் போவணும், குளிரணும், போட்டோ எடுக்கணும். அதுவரைக்கும் ஒத்துமையா இருக்காங்க. எந்த மலைங்குறதுலதான் சண்டை. ஒருத்தன் நம்ம மலேசியா கேமரன் போதும்ங்குறான், ஒருத்தன் கேரளாவுல இருக்குற மூணாறுதான்னு ஒத்தக் கால்ல நிக்குறான், மூணாவது ஆளு இலங்கை நுவரெலியா ரயில் வீடியோவ ராத்திரி பூரா பாத்துட்டு வந்து அதையே போட்டுக் காட்டிக்கிட்டு இருக்கான். கடைசில "மாமா நீங்க சொல்லுங்க"ன்னு என் தலையில விழுந்துச்சு.

நான் மூணுக்கும் போயிருக்கேன், கேமரனுக்கு எத்தன தடவன்னு கணக்கே இல்ல. நான் அவனுங்கள காசு எவ்ளோ இருக்குன்னு கேக்கல. ஆபீஸ்ல எத்தன நாள் சூத்தி, அதாவது லீவு, குடுப்பாங்கன்னு கேட்டேன். மூஞ்சியப் பாக்கணுமே. ஒருத்தனுக்கு இந்த வருஷம் மிச்சம் இருக்குறது ஒன்னரை நாளு, அவன்தான் மூணாறு கேட்டவன்.

எத வச்சு எடை போடுறது

எனக்கு முக்கியமா படுறது லீவு. அதாவது எடுக்குற லீவுல எத்தன மணி நேரம் நெசமாவே மலைல கால் வச்சு நிக்கிறோம், எத்தன மணி நேரம் பஸ்ஸுலயும் ஏர்போர்ட்லயும் சும்மா உக்காந்து கெடக்குறோம்ங்குறது. அடுத்தது மொத்த செலவு, டிக்கட் வெல மட்டும் இல்ல, வீட்டு வாசல்லேர்ந்து திரும்பி வீட்டு வாசலுக்கு வர்ற வரைக்கும். மூணாவது, ரூம விட்டு எறங்கி வண்டி புடிக்காம, கைடு இல்லாம, சும்மா காலால நடந்து எதாச்சும் பாக்க முடியுமா, ஏன்னா பேக்பேக்கிங்னு கெளம்பிட்டு தெனம் ஜீப்புக்குக் காசு குடுத்தா அது டூர் பேக்கேஜ்தான், பேக்கு மட்டும்தான் முதுகுல இருக்கும். அப்புறம் குளிர், எந்த மாசம் போறோம், சாப்பாடு. பாஷை பிரச்சனை இந்த மூணு எடத்துலயும் நமக்குக் கெடையாது, தமிழ் பேசியே சமாளிச்சுடலாம்.

ஊட்டிய ஏன் சேக்கலன்னு கேப்பீங்க. 2024 மே மாசத்துலேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிங்களுக்கு ஈ-பாஸ் வேணும், கொடைக்கானல் பெருசா தேயிலை ஊரும் இல்ல, அதோட கோயம்புத்தூர் வழியா போற கத தனிக் கத. அத இன்னொரு நாள் பாப்போம்.

| | கேமரன் | மூணாறு | நுவரெலியா |
|---|---|---|---|
| குறைஞ்சது எத்தன நாள் | 3 (லீவு 1) | 6 | 6 |
| போற வழி | பஸ், சுமாரா 5 மணி நேரம் | கொச்சிக்கு ஃபிளைட் 4 மணி நேரம், அப்புறம் பஸ் 4, 5 மணி நேரம் | கொழும்புக்கு ஃபிளைட் 3½ மணி நேரம், அப்புறம் பஸ்ஸும் ரயிலும் |
| ஊரோட உயரம் | தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல | சுமாரா 1,500 மீட்டர் | 1,868 மீட்டர் |
| ராத்திரி குளிர் | ஒரு ஸ்வெட்டர் போதும் | டிசம்பர், ஜனவரில நெசக் குளிர் | வருஷம் பூரா ஜாக்கெட் |
| விசா | வேணாம் | ஈ-விசா | ஈடிஏ (ஆன்லைன் பயண அனுமதி) |
| கைடு இல்லாம நடக்க | நல்லாவே முடியும் | கொஞ்சம்தான் | பரவால்ல |
| தவிர்க்க வேண்டிய நேரம் | பள்ளி லீவு, பப்ளிக் ஹாலிடே | ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் | ஏப்ரல் நடுவுல, ரூம் கெடைக்காது |

கேமரன்: பக்கத்து வீடு மாதிரி, அதனாலயே நாம மதிக்கிறது இல்ல

நம்ம ஆளுங்க கேமரன்னு சொன்னாலே ஸ்ட்ராபெரி, பூச்செடி, சோளம், ஜாம் அவ்ளோதான். காடில, அதான் கார்ல, போயி கேயா ஃபார்ம் மார்க்கெட்டுல வண்டிய நிறுத்த எடம் தேடிட்டு, காய்கறி வாங்கிட்டு எறங்கிடுவாங்க. அது ஒரு விதம். பேக்க மாட்டிக்கிட்டு பஸ்ஸுல போற கேமரன் வேற ஊரு மாதிரி இருக்கும், நெசமா.

பஸ் கோலாலம்பூர் தெற்கு ஒருங்கிணைந்த முனையம், நம்ம டிபிஎஸ்லேர்ந்து கெளம்பும், நான் கடைசியா போனப்ப நாப்பது வெள்ளி (ரிங்கிட்) சொச்சம் குடுத்தேன். பினாங்குக்காரங்களுக்கு சுங்கை நிபோங்லேர்ந்தும் பட்டர்வொர்த்லேர்ந்தும் பஸ் இருக்கு, அவங்க சிம்பாங் பூலாய் ரோட்டு வழியா ஏறுவாங்க, அது அகலமான ரோடு. நாம தாப்பா வழியா ஏறுனா அது பழைய ரோடு, வளைஞ்சு வளைஞ்சு போகும், காலையில நாசி லெமாக்க மூக்கு முட்ட சாப்ட்டுட்டு பின் சீட்டுல உக்காந்தீங்கன்னா ரிங்லெட் வர்றதுக்குள்ள தெரியும். அசாம் பொய் (புளிப்பு உப்பு போட்டுக் காயவச்ச பழம்) ஒரு பொட்டலம், கோடாலித் தைலம் ஒரு குப்பி, பிளாஸ்டிக் பை ரெண்டு. இது இல்லாம எங்க அம்மா என்ன ஏறவே விடமாட்டாங்க, இப்ப நானும் யாரையும் விடுறது இல்ல.

எங்க தங்குறதுன்னா தானா ராத்தா டவுன், யோசிக்கவே வேணாம். இன்னொரு டவுனு பிரிஞ்சாங்ல பெரிய ஹோட்டலும் பாசார் மாலாமும் (ராத்திரி சந்தை) இருக்கு, குடும்பமா கார்ல போறவங்களுக்கு அது சரி. பஸ் நிக்கிற டெர்மினல் ஃப்ரீசியா தானா ராத்தால இருக்கு, எறங்குன எடத்துலேர்ந்து நடந்தே ரூமுக்குப் போயிடலாம், டார்ம் பெட் போடுற சின்ன சின்ன எடம் எல்லாம் அங்கதான், ரொட்டி சானாய் கடையும் வாழையில சாப்பாட்டுக் கடையும் மெயின் ரோட்டுலயே வரிசையா கெடக்கு. முக்கியமா, நம்பர் போட்ட காட்டுப் பாதைங்க ஊர ஒட்டியே ஆரம்பிக்கும். 4ஆம் நம்பர் பாரிட் அருவிக்கு, அது கொழந்தையும் நடக்கும். 9ஆம் நம்பர் ராபின்சன் அருவிக்கு. 10ஆம் நம்பர் ஜாசார் மலைக்கு ஏறும், காலையில ஏழு மணிக்கு கெளம்பிட்டா மதிய சாப்பாட்டுக்கு எறங்கிடலாம். மழை பேஞ்ச மறுநாள் அந்த செம்மண்ணு சோப்பு மாதிரி வழுக்கும், வேர புடிச்சுப் புடிச்சு எறங்கணும், நான் ஒரு தடவ உக்காந்தே பாதி மலை எறங்கிருக்கேன், அந்த ஜீன்ஸ ரூம்ல தொவச்சுப் போட்டேன் பாருங்க, ரெண்டு நாளாயும் காயவே இல்ல, ஈரமாவே மடிச்சு பிளாஸ்டிக் பையில போட்டு கேஎல் வந்து சேந்தப்ப அதோட வாசனைய சொல்ல முடியாது. அந்த ஊருக்கு ஜீன்ஸ் வேணாம், சீக்கிரம் காயுற துணிதான். காட்டுக்குள்ள தனியாவும் போவாதீங்க, ரூம்ல எந்தப் பாதன்னு சொல்லிட்டுப் போங்க. 1967ல ஜிம் தாம்சன்னு பட்டு வியாபாரி ஒருத்தரு, ஒரு ஈஸ்டர் ஞாயித்துக்கெழம மத்தியானம் இங்க நடக்கப் போனவரு, இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.

தேயிலைக்கு வருவோம். போ (BOH) தோட்டம் 1929ல ஆரம்பிச்சது, பாரத் தோட்டம் 1933ல. பாரத்தோட கேமரன் வேலி கடை தானா ராத்தாலேர்ந்து ரிங்லெட் போற ரோட்டு மேலயே இருக்கு, உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே சரிவ பாக்கலாம். படத்துல எல்லாம் வர்ற போ கம்பெனியோட சுங்கை பாலாஸ் டீ சென்டருக்கு பிரிஞ்சாங் தாண்டி உள்ள திரும்பணும், ரோடு ரொம்ப ஒடுக்கம், எதிர்ல ஒரு வண்டி வந்தா நாம பின்னால போகணும், உள்ளாற போக பஸ்ஸும் கெடையாது. இங்கதான் மறைஞ்சிருக்குற செலவு. பஸ் டிக்கட் மலிவு, ரூம் மலிவு, ஆனா சுங்கை பாலாஸும் 2,000 மீட்டர் தாண்டுன பிரிஞ்சாங் மலை பாசிக் காடும் பாக்கணும்னா டாக்சியோ அரை நாள் வேன் டூரோதான், அது பஸ் காச விட ஜாஸ்தி ஆயிடும். மூணு நாலு பேரா சேந்தா டாக்சி லாபம், தனி ஆளுன்னா வேன். இன்னொண்ணு, சுங்கை பாலாஸ் திங்கக்கெழம லீவு. லாங் வீக்கெண்டுன்னு திங்கள்ல மேல போயி கேட்டப் பாத்துட்டு வந்தவங்க எனக்கே மூணு பேர தெரியும், அதுல ஒருத்தன் நானு.

தோட்டத்துல ஒண்ணு கவனிச்சுப் பாருங்க. கூடைய தலையில மாட்டுன பாட்டிமாருங்கள தேடாதீங்க, இங்க முக்காவாசி எடத்துல ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சுக்கிட்டு ஒரு மெஷின செடி மேல தள்ளிக்கிட்டுப் போவாங்க, முடிவெட்டுற மாதிரி சத்தம், பின்னால பை உப்பிக்கிட்டே வரும். ஒரு காலத்துல நம்ம தாத்தா பாட்டிங்க செஞ்ச வேலைய இப்ப பங்களாதேஷ், நேப்பாள் ஆளுங்க செய்யுறாங்க. பிரிஞ்சாங்ல தண்டாயுதபாணி கோயிலு இருக்கு, அந்தத் தாத்தாங்க காலத்த நெனச்சுக்கிட்டு ஒரு எட்டு போயிட்டு வாங்க.

கார்ல போலாமேன்னா, போலாம், வார நாள்ல. வெள்ளி சாயங்காலம் ஏறி ஞாயிறு மத்தியானம் எறங்குற பிளானுக்கு நான் இனிமே வரமாட்டேன், ஒரு பள்ளி லீவுல பிரிஞ்சாங்லேர்ந்து கேயா ஃபார்ம் தாண்டவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, பக்கத்து காடில ஒரு பையன் எறங்கி சோளம் வாங்கி தின்னு முடிச்சுட்டு திரும்பி ஏறுனான், அவங்க காடி அதே எடத்துல நிக்குது.

கேமரன் யாருக்குன்னா: லீவு ரெண்டு நாளுக்கு கீழ இருக்கவங்க, மொத மொத பேக்க மாட்டுறவங்க, மழை வந்தா பிளான மாத்தணும்னு நெனக்கிறவங்க. குளிர் நடுங்கணும்னு ஆசப்பட்டா ஏமாந்துடுவீங்க, ராத்திரி 16, 17 டிகிரிதான்.

மூணாறு: தேயிலை அழகுல மொதல் எடம், காலால நடக்குறதுல கடைசி எடம்

அழகுன்னு மட்டும் கேட்டா என் ஓட்டு மூணாறுக்கு. கேமரன்ல ஒரு வளைவுல தோட்டம் வரும், அடுத்த வளைவுல காய்கறிக் கூடாரம் பிளாஸ்டிக்கா பளபளக்கும். மூணாறுல வளைவுக்கு வளைவு தேயிலைதான், அதுக்குப் பின்னால ஆனமுடி, 2,695 மீட்டர். கேரளான்னு பேருதான், தோட்டத் தொழிலாளிங்க இருக்குற லயத்து வீடுங்கள்ல எல்லாம் தமிழ், டீக்கடையில தமிழ், ஜீப் ஓட்டுற அண்ணன் தமிழ். 2015ல போனஸ் கேட்டு ரோட்டுல உக்காந்து மூணாறையே நிறுத்துன பொம்பளைங்களும் நம்ம தோட்டத் தமிழ் பொம்பளைங்கதான்.

ஆனா லீவுக் கணக்கப் பாருங்க. ஃபிளைட் நாலு மணி நேரம், அவங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால, பெரும்பாலும் ராத்திரி எறங்குவீங்க, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல நெடும்பாசேரிலயோ ஆலுவாவுலயோ ஒரு ராத்திரி தங்கணும். மறுநாள் காலையில பஸ் புடிச்சு மேல ஏறுனா மத்தியானம் ஆயிடும். திரும்பி வர்றப்பவும் ஃபிளைட்டுக்கு பயந்து ஒரு நாள் முன்னாடியே எறங்கிடுவீங்க. ஆக ஆறு நாள் எடுத்தா மலைல நிக்கிறது மூணு நாளு. கேமரன்ல மூணு நாள் எடுத்தா ரெண்டு நாள் கெடைக்கும். ஆறு நாளுங்குறது ரொம்பக் குறைச்சல், மூணாறுக்குன்னு போனா முடிஞ்சா ஒரு வாரமாச்சும் போங்க.

மறைஞ்ச செலவு இங்கதான் ஜாஸ்தி. கீழ தங்குற ரெண்டு ராத்திரி, பட்ஜெட் ஃபிளைட்டோட 7 கிலோ கைப்பை கணக்கு (பெரிய ஜாக்கெட்டையும் பூட்ஸையும் போட்டுக்கிட்டே ஏறிடுங்க, ஏர்போர்ட்ல வேர்க்கும், பரவால்ல). அப்புறம் இரவிகுளம் பூங்காவுல வரையாடு பாக்கப் போனா வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட்டு, நாம தமிழ்ல பேசுனாலும் பாஸ்போர்ட் பேசிடும். குட்டி போடுற காலம்னு பிப்ரவரி, மார்ச் வாக்குல பூங்காவ மூடிடுவாங்க, அத பாக்காம டிக்கட் எடுக்காதீங்க. நீலக்குறிஞ்சி பாக்கணும்னு யாராச்சும் சொன்னா, கடைசியா பெரிய அளவுல பூத்தது 2018, பன்னண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, 2030 வரைக்கும் பொறுமையா இருக்கச் சொல்லுங்க.

எனக்குப் புடிக்காத விஷயம், தோட்டமெல்லாம் கம்பெனி எடம், உள்ள புகுந்து உங்க இஷ்டத்துக்கு நடக்க முடியாது, நடக்கணும்னா கைடோட ட்ரெக்கிங்னு போவணும். கொளுக்குமலைக்கு சூரியன் உதிக்கிறதப் பாக்க போறதும் ஜீப்புலதான். கேரளா சைடு சூரியநெல்லிலேர்ந்து விடிகாலைல கெளம்பும், மலை இருக்குறது என்னமோ தேனி மாவட்டம், தமிழ்நாடு. அந்த ஜீப் பாதையில கல்லுல குதிச்சுக் குதிச்சு போறப்ப கம்பிய புடிச்ச கை மரத்துப் போச்சு எனக்கு, மேல போயி நின்னா கீழ பூரா மேகம், பஞ்ச கொட்டி வச்ச மாதிரி. பக்கத்துல ஒரு ஆளு அலுமினிய கெட்டில்ல கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) வித்துக்கிட்டு இருந்தாரு, ரெண்டு கையாலயும் அந்த கிளாஸ புடிச்சு சூடு காஞ்சதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, டீ ருசி ஞாபகமே இல்ல.

மழைக்காலத்துல சும்மா சவால் விட்டுப் போவாதீங்க. 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடில ராத்திரி மலை சரிஞ்சு லயத்துல தூங்குனவங்க எழுபது பேரு போயிட்டாங்க, எல்லாம் நம்ம தோட்டத்து சனம். 1924 வெள்ளத்துல மூணாறு ரயில் பாதையே அடிச்சுக்கிட்டுப் போச்சு, அதுக்கப்புறம் அந்த ஊருக்கு ரயிலே வரல.

யாருக்குன்னா: ஒரு வாரம் பத்து நாள் கைல இருக்கவங்க, மதுரை, தேனி பக்கம் சொந்தக்காரங்கள பாத்துட்டு அப்படியே மேல ஏறுறவங்க. போடி வழியா ஏறுனா அது வேற அழகு, கொச்சிய மறந்துடுவீங்க.

நுவரெலியா: போற வழிதான் டூரே

இங்க கணக்கு தலகீழ். மூணாறுல பஸ்ஸுல போற நேரம் வீண்னு சொன்னேன்ல, நுவரெலியாவுல அந்த நேரமே நமக்கு வேணும், ஏன்னா கண்டியிலேர்ந்து நானு ஓயா (நுவரெலியாவுக்குப் பக்கத்து ஸ்டேஷன்) வரைக்கும் ரயில் சுமாரா நாலு மணி நேரம், அதுல பாதி தேயிலைக்குள்ளயே போகும். அங்கேர்ந்து எல்லங்குற ஊரு வரைக்கும் இன்னும் சுமாரா மூணு மணி நேரம், அது இன்னும் அழகு, எல்லவுல அந்த ஒம்பது வளைவு பாலமும் இருக்கு. கட்டுநாயக்கா ஏர்போர்ட்லேர்ந்து கொழும்புக்குள்ள போகாம நேரா கண்டிக்கு பஸ் புடிங்க, ஒரு நாள் மிச்சம்.

ரயில் டிக்கட்டுல ஒரு சூட்சுமம். ரிசர்வேஷன் முப்பது நாளுக்கு முன்னாடி தொறக்கும், தொறந்த கொஞ்ச நேரத்துலயே காலி. அதுக்கப்புறம் ஏஜெண்டுங்க கிட்ட பல மடங்கு வெலைக்கு கெடைக்கும், நான் ஒரு தடவ அப்படி வாங்கி ஏமாந்தேன், என் சீட்டுல ஏற்கனவே ஒரு குடும்பமே உக்காந்திருக்கு. ரிசர்வ் இல்லாத மூணாம் கிளாஸ் ரொம்ப மலிவு, கூட்டம் பிதுங்கும், பேக்க மேல ஏத்திட்டு கதவோரம் நின்னுக்கிட்டே போனேன், பக்கத்துல ஹட்டன் போற அம்மா ஒருத்தங்க "எங்கருந்து தம்பி வாறீங்க"ன்னு கேட்டு, மலேசியான்னதும் பையிலேர்ந்து வடைய எடுத்து கையில வச்சாங்க, காஞ்ச மொளகாயும் இஞ்சியும் போட்ட பருப்பு வடை. அந்த சீட்டு கெடச்சிருந்தா இது கெடச்சிருக்காது, ஆனா முதுகு வலி மூணு நாள் இருந்துச்சு, அதையும் சொல்லிடுறேன்.

ஒரு முக்கியமான விஷயம். 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் மலையகத்த புரட்டிப் போட்டுச்சு, மண்சரிவுல ஊருங்க போச்சு, மலை ரயில் பாதையும் பலமா அடி வாங்குச்சு. அதனால ஃபிளைட் எடுக்குறதுக்கு முன்னாடி ரயில் எந்த ஸ்டேஷன்லேர்ந்து எந்த ஸ்டேஷன் வரைக்கும் ஓடுதுன்னு பாருங்க. ரயில் இல்லன்னா நுவரெலியாவோட மார்க்கு என் கணக்குல பாதியா கொறஞ்சுடும்.

ஊருல என்ன இருக்கு? பேட்ரோ தோட்டம் பக்கத்துலயே இருக்கு, சீதா எலியவுல சீதையம்மன் கோயில் இருக்கு, ஊர சுத்தி காலால நடக்கலாம். கையால கொழுந்து கிள்ளுறத பாக்கணும்னா இங்கதான், ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா வெரலு போற வேகம் கண்ணுக்கே புடிபடாது. போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேளுங்க, சம்பளத்துக்காக வருஷக்கணக்கா போராடிக்கிட்டு இருக்குற சனம், நம்ம கேமராவுக்கு சிரிக்கணும்னு அவங்களுக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. ஹார்ட்டன் சமவெளில வேர்ல்ட்ஸ் எண்ட் முனைக்குப் போறவங்க விடியுறதுக்கு முன்னாடி கெளம்பணும், ஒம்பது பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிடும், அப்புறம் வெள்ளச் செவுத்தப் பாத்துட்டு வர வேண்டியதுதான். மறைஞ்ச செலவும் அதுதான், வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைவுக் கட்டணம் டாலர் கணக்கு, மேல ஜீப் வாடகை, ஒரே காலையில மூணு நாள் சாப்பாட்டுக் காசு போயிடும். அதோட ராத்திரி குளிர் பத்து டிகிரி பக்கம் வரும், மலிவு ரூம்ல சுடுதண்ணி வரும்னு சொல்லுவாங்க, வந்துச்சான்னு நீங்களே தொட்டுப் பாத்துட்டு பேக்க எறக்குங்க.

யாருக்குன்னா: ஆறேழு நாள் லீவு இருக்கவங்க, ஒரே ஊருல உக்காராம நகந்துக்கிட்டே இருக்கணும்ங்குறவங்க, தனியா போறவங்களுக்கும் நல்லது, ரயில்ல பேச்சுத் தொணைக்கு பஞ்சமே இல்ல. ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் நல்ல நேரம்.

அவனுங்க என்ன செஞ்சானுங்க

ஒன்னரை நாள் லீவுக்காரன வச்சுத்தான் முடிவு பண்ணணும்னு சொன்னேன், மூணு பேரும் ஒண்ணா போறதுன்னா கம்மி லீவு இருக்கவன்தான் மலைய முடிவு பண்ணுவான், வேற வழி இல்ல. புதன் ராத்திரி கடைய மூடுற நேரத்துல கேமரன்னு முடிவாச்சு. வெள்ளிக்கெழம காலை பஸ், தானா ராத்தால ரெண்டு ராத்திரி, சனிக்கெழம காலையிலயே ஜாசார் ஏறிட்டு வீக்கெண்டு டிராஃபிக் ஜாம் பக்கமே தலைய காட்டக் கூடாது, சுங்கை பாலாஸுக்கு ஞாயித்துக்கெழம கடை தொறக்குற நேரத்துக்கு டாக்சி, மத்தியான பஸ்ஸுல எறங்குறது. ரயில் வீடியோக்காரன் மட்டும் மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு இருந்தான், அவனுக்கு அடுத்த வருஷ லீவு ஜனவரில வருதாம். நேத்து அக்கா பையன் போன் பண்ணான், டிக்கட் எடுத்தாச்சு மாமா, சீட்டு கடைசி வரிசைன்னான். அசாம் பொய் ரெண்டு பொட்டலமா வாங்கிக்கடான்னு சொல்லிட்டு வச்சேன்.